கோழிப்பண்ணைக்கு வந்த ஆராய்ச்சித்தாள்: ஒரு நோயெதிர்ப்பியல் இதழை எப்படிப் படிக்கறது?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில எங்க மாமா போன் பண்ணினார். புதுச்சத்திரம் பக்கம் லேயர் பண்ணை வெச்சிருக்கார். முப்பது வருஷமா கோழிதான் அவருக்கு உலகம்.

"ஏங்கண்ணு, வாட்ஸாப்புல ஒரு பேப்பர் அனுப்பியிருக்கேன், பாத்தியா? எல்லாம் இங்கிலீசு. நீதான் இந்த ஜர்னல் கிர்னலெல்லாம் படிக்கறவனாச்சே. இது நெசமா, இல்ல சும்மாவான்னு பாத்துச் சொல்லு."

விஷயம் இதுதான். ஒரு விற்பனைப் பிரதிநிதி பண்ணைக்கு வந்திருக்கார். தண்ணியில கலந்து குடுக்கற ஒரு மூலிகை டானிக். கோழிக்கு எதிர்ப்புச் சக்தி ஏறுமாம். கையில ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோட ஜெராக்ஸ். தலைப்புல 'இம்யூனாலஜி'ன்னு கொட்டை எழுத்து. மாமா தொடர்ந்து சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டானிக் வெலை கொஞ்சம் சாஸ்திதான். அதான் அடுத்த பேட்ச் குஞ்சுக்குக் கம்போரோ ரெண்டாவது டோஸை நிறுத்திட்டு இதை வாங்கலாமான்னு பாக்கறேன். ஜர்னல்லயே வந்திருக்குதுங்கன்னு அந்தப் பையன் சொல்றான்."

பத்தாயிரம் குஞ்சு. தடுப்பூசியை நிறுத்தற முடிவு. அதுக்கு ஆதாரம், 'ஜர்னல்ல வந்திருக்கு'ங்கற ஒரு வாக்கியம்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்தத் தாளைப் படிச்சேன். அதுல என்ன இருந்ததுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, 'ஜர்னல்ல வந்திருக்கு'ன்னா உண்மையில என்ன அர்த்தம்னு கொஞ்சம் விரிவா பேசணும். ஒரு நோயெதிர்ப்பியல் இதழ் எதைப் போடும், எதைப் போடாது, அதுல வர்ற கட்டுரைகள்ல எத்தனை வகை, எந்த வகை எவ்வளவு கனம் தாங்கும். இது தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

எல்லை: வாசல்ல எழுதியிருக்கற பலகை

ஒவ்வொரு அறிவியல் இதழும் தன் தளத்துல 'நோக்கமும் எல்லையும்'னு ஒரு பக்கம் வெச்சிருக்கும். ரொம்பப் பேர் அதைத் திறந்துகூடப் பாக்கறதில்ல. ஆனா இதழோட ஜாதகமே அதுலதான் இருக்கு. எந்த மாதிரிக் கேள்விக்கு இந்த இதழ் இடம் தரும்னு அந்தப் பக்கம் சொல்லும்.

நோயெதிர்ப்பியலுக்குன்னே தனி இதழ்கள் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கம் 1913-ல் தொடங்கினது. அவங்களோட 'தி ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' 1916-ல் வந்தது. அப்புறம் பிரிட்டன்ல 'இம்யூனாலஜி' 1958-ல், 'ஐரோப்பியன் ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' 1971-ல், 'இம்யூனிட்டி' 1994-ல், 'நேச்சர் இம்யூனாலஜி' 2000-ல், யார் வேணா காசில்லாம படிக்கற 'ஃப்ரான்டியர்ஸ் இன் இம்யூனாலஜி' 2010-ல். பேரு வேற வேறயா இருந்தாலும் இவை எல்லாத்தோட எல்லையும் ஓரளவு ஒத்துப்போகும்.

உள்ள வர்றது எது? பிறவியிலேயே இருக்கற எதிர்ப்பு (கிருமியைக் கண்டதும் விழுங்கற செல்கள், வீக்கம், காய்ச்சல்), பழகிப்பழகி வர்ற எதிர்ப்பு (டி செல், பி செல், எதிர்ப்பொருள், நினைவாற்றல்), செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பற சைட்டோகைன்கள், உடம்பு தன்னையே தாக்கிக்கற நோய்கள், ஒவ்வாமை, உறுப்பு மாற்று, புற்றுநோயை உடம்பு எதிர்க்கற விதம், தடுப்பூசி வேலை செய்யற விதம், குடல் நுரையீரல் மாதிரி ஈரப்பரப்புகளோட பாதுகாப்பு, பிறவிக் குறைபாடுகள். சில இதழ்கள் மனுஷனையும் எலியையும் தாண்டி மீன், கோழி, மாடு இதுகளோட எதிர்ப்பு மண்டலத்தையும் எடுத்துக்கும். அதுக்குன்னே தனியா 'வெட்டரினரி இம்யூனாலஜி அண்ட் இம்யூனோபேத்தாலஜி' மாதிரி இதழ்களும் இருக்கு.

வெளிய நிக்கறது எது? இங்கதான் நிறையப் பேர் தடுக்கி விழறாங்க. ஒரு கிருமியைப் பத்தி எழுதினா மட்டும் அது நோயெதிர்ப்பியல் ஆகிடாது. ஒரு மருந்து குடுத்தேன், கோழி எடை கூடுச்சுன்னு எழுதினாலும் ஆகாது. ஆசிரியர் மனசுல ஓடற கேள்வி ஒண்ணுதான்: இந்தக் கட்டுரையைப் படிச்சா எதிர்ப்பு மண்டலம் எப்படி வேலை செய்யுதுங்கறதைப் பத்தி புதுசா ஏதாவது தெரியவருமா? வரலைன்னா, ஆய்வு எவ்வளவு ஒழுங்கா நடந்திருந்தாலும், 'எங்கள் எல்லைக்குள் வரவில்லை'ன்னு மேஜையிலிருந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. வெளி நிபுணர்கள்கிட்டகூடப் போகாது.

அப்படித் திரும்பி வந்தா ஆய்வு மட்டம்னு அர்த்தமில்ல. நாமக்கல் முட்டையை ஜவுளிக்கடையில கொண்டுபோய்க் குடுத்தா வாங்கமாட்டாங்க. அது முட்டையோட குத்தம் இல்லையே.

ஒரே கம்போரோ, ஐந்து வீடுகள்

நம்ம ஊர் உதாரணத்தையே எடுத்துக்குவோம். கம்போரோ. அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்துல கம்போரோங்கற ஊர்ப்பக்கம் முதல்ல கவனிக்கப்பட்டு, 1962-ல் எழுதப்பட்ட நோய். சின்னக் குஞ்சுகளைத் தாக்கற வைரஸ். நாமக்கல், சேலம் பக்கம் பண்ணை வெச்சிருக்கற யாருக்கும் அறிமுகம் தேவையில்ல.

இந்த ஒரு நோயைப் பத்தின ஆய்வு, கேக்கற கேள்வியைப் பொறுத்து வேற வேற இதழுக்குப் போகும்.

வைரஸோட மரபணு வரிசை மாறியிருக்கா, புது வகை வந்திருக்கான்னு கேட்டா, அது வைராலஜி இதழுக்கோ 'ஏவியன் பேத்தாலஜி' மாதிரி பறவை நோய் இதழுக்கோ போகும்.

தடுப்பூசியை 14-வது நாள் போடறது நல்லதா, 18-வது நாள் நல்லதா, சாவு எவ்வளவு குறையுதுன்னு கேட்டா, கோழியியல் இதழுக்குப் போகும். நம்ம நாட்டுல 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பவுல்ட்ரி சயின்ஸ்' இருக்கு.

புதுசா ஒரு தடுப்பூசி செஞ்சு, அது பாதுகாப்பு தருதான்னு சோதிச்சா, 'வேக்சின்'னே பேரு வெச்ச இதழ் இருக்கு.

ஒரு பேட்ச் கம்போரோவுல பண்ணைக்காரருக்கு எவ்வளவு நட்டம்னு கணக்குப் போட்டா, அது பொருளாதார இதழ்.

வைரஸ் நுழைஞ்சதும் பர்சாவுல இருக்கற பி செல்கள் எப்படிச் சாகுது, அந்த இடத்துக்கு டி செல்கள் ஏன் கூட்டமா வருது, அந்தக் குஞ்சு அதுக்கப்புறம் ஏன் வேற தடுப்பூசிக்கும் சரியா எதிர்ப்பொருள் உண்டாக்க மாட்டேங்குதுன்னு கேட்டா மட்டும்தான் அது நோயெதிர்ப்பியல்.

கடைசிக் கேள்வி பண்ணைக்காரருக்கும் ரொம்ப முக்கியம். 'லசோட்டா ஒழுங்காத்தான் போட்டேன், அப்புறமும் வெள்ளைக்கழிச்சல் வந்துடுச்சு'ன்னு சொல்ற சில பண்ணைகள்ல, அதுக்கு முன்னாடியே கம்போரோ வந்து பர்சாவைக் காலி பண்ணியிருக்கும். மருந்து மேல தப்பு இருக்காது. அதை வாங்கிப் பயன்படுத்திக்க வேண்டிய உறுப்பு இல்லாமப் போயிருக்கும்.

(வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட்னு இன்னொரு பேரு. இமயமலைப் பக்கம் குமாவுன்ல இருக்கற ராணிக்கெட் ஊர்லருந்து வந்தது. நான் சின்னப்பையனா இருந்தப்ப அது நம்ம ராணிப்பேட்டைன்னு நம்பிக்கிட்டிருந்தேன். வேடிக்கை என்னன்னா, கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கற அரசு நிறுவனம் 1932-லிருந்து ராணிப்பேட்டையிலதான் இருக்கு.)

கட்டுரை வகைகள்: எந்த வகை எவ்வளவு கனம் தாங்கும்?

ஒரு இதழைத் திறந்தா உள்ள இருக்கற எல்லாமே 'ஆராய்ச்சி' கிடையாது. கட்டுரையோட தலைக்கு மேல, பெரும்பாலும் சின்ன எழுத்துல, அதோட வகை போட்டிருக்கும். படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது அதைத்தான்.

*மூல ஆய்வுக் கட்டுரை.* இதழோட முதுகெலும்பு. எழுதினவங்களே சோதனை செஞ்சிருக்கணும். அறிமுகம், செய்முறை, முடிவுகள், விவாதம்னு நாலு பாகம் இருக்கும். செய்முறையைப் படிச்சா இன்னொருத்தர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியணும். எத்தனை கோழி, என்ன வயசு, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மருந்து குடுக்காத குழு இருந்துச்சா, விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கினாங்களா, எல்லாம் எழுதியிருக்கணும்.

*குறுங்கட்டுரை.* இதுவும் மூல ஆய்வுதான். ஆனா ஒரே ஒரு கண்டுபிடிப்பு, ரெண்டு மூணு படம். 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி'யில 'கட்டிங் எட்ஜ்'னு ஒரு பகுதி இந்த மாதிரி. நீளம் கம்மிங்கறதால மதிப்பும் கம்மின்னு நினைச்சுக்க வேண்டாம்.

*மீள்பார்வை.* புதுச் சோதனை இருக்காது. ஒரு தலைப்புல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைப் படிச்சு, ஒருத்தர் தொகுத்துச் சொல்வார். மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. 1983-லிருந்து வர்ற 'ஆன்னுவல் ரிவ்யூ ஆஃப் இம்யூனாலஜி' இதுக்குன்னே இருக்கற இதழ். ஆனா ஒரு எச்சரிக்கை: எந்த ஆய்வை எடுத்துக்கறது, எதை விடறதுங்கறது எழுதறவர் கையில இருக்கு. இதோட சின்ன வடிவம் *குறு மீள்பார்வை*.

*முறைசார் மீள்பார்வை.* மேல சொன்னதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம். எந்தத் தரவுத்தளத்துல, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினோம், எத்தனை கிடைச்சது, எதை ஏன் கழிச்சோம்னு முன்கூட்டியே விதி வெச்சுக்கிட்டு, அதைத் திறந்து காட்டணும். தனக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்க முடியாது. முடிவெடுக்கறதுக்கு ஆதாரம்னு பாத்தா, நல்லா செஞ்ச முறைசார் மீள்பார்வை ரொம்ப மேல நிக்கும்.

*கருத்து, பார்வை, கருதுகோள்.* 'எனக்கு இப்படித் தோணுது, இதைச் சோதிச்சுப் பாக்கலாம்'னு சொல்ற கட்டுரைகள். அறிவியலுக்கு இது தேவை. ஆனா இதை வெச்சு மருந்து வாங்கக் கூடாது.

*செய்முறைக் கட்டுரை.* புதுசா ஒரு சோதனை முறை, அளக்கற வழி, கணக்கிடற சூத்திரம். தாய்க்கோழிகிட்டருந்து வந்த எதிர்ப்பொருள் குஞ்சு ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்து, கம்போரோ தடுப்பூசிக்கு ஏத்த நாளைக் கணிக்கற டெவென்டர் சூத்திரம் இந்த மாதிரி ஒரு கருவி.

*நோயாளி அறிக்கை.* ஒரே ஒரு ஆள், இல்லாட்டி நாலஞ்சு பேர். அபூர்வமான குறைபாடு, எதிர்பாராத விளைவு. ஒரு புதுக் கதவைத் திறந்து காட்டும். ஆனா ஒருத்தருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

*மருத்துவச் சோதனை.* மனுஷங்ககிட்ட செஞ்ச ஆய்வு. தொடங்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும். பதிவு எண் கட்டுரையில இருக்கும்.

*விமர்சனக் குறிப்பு, ஆசிரியருக்குக் கடிதம், தலையங்கம்.* வேற கட்டுரைகளைப் பத்தின பேச்சு. சில சமயம் ஒரு பக்கக் கடிதம் இருபது பக்கக் கட்டுரையோட ஓட்டையைக் காட்டிடும். அதனால இதையும் தள்ளிவிட்டுப் போகாதீங்க.

*திருத்தம், திரும்பப் பெறுதல்.* இதுவும் ஒரு கட்டுரை வகைதான்னு நிறையப் பேருக்குத் தெரியாது. தப்பு கண்டுபிடிச்சா இதழ் அதைப் பகிரங்கமாச் சொல்லும். முழுசாத் தப்புன்னா கட்டுரையைத் திரும்பப் பெறும். ஒரு இதழ்ல திருத்தமே வர்றதில்லைன்னா அங்க தப்பே நடக்கலைன்னு அர்த்தமில்ல, யாரும் பாக்கலைன்னுகூட இருக்கலாம்.

*பழைய தூண்கள்.* 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி'யில 'பில்லர்ஸ் ஆஃப் இம்யூனாலஜி'ன்னு ஒரு வரிசை உண்டு. துறையை மாத்தின பழைய கட்டுரைகளை எடுத்துவெச்சு, அது ஏன் முக்கியம்னு இன்னைக்கு இருக்கற ஒருத்தர் எழுதுவார். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

இதழோட பேரை மட்டும் பாத்தா என்ன ஆகும்: 'பி' செல்லோட கதை

இவ்வளவு சொன்னதும், 'அப்ப பெரிய இதழ்ல வந்தா நம்பலாம், சின்ன இதழ்னா தள்ளிடலாம்'னு தோணும். அங்கதான் ஒரு கோழி குறுக்க வருது.

கோழிக்கு வாலடியில, குதத்துக்கு முதுகுப்புறமா, ஒரு சின்னப் பை இருக்கு. செத்த குஞ்சை அறுத்துப் பாக்கறப்ப டாக்டர் முதல்ல தேடற உறுப்புகள்ல அதுவும் ஒண்ணு. பர்சா. இத்தாலியில பதுவா நகரத்துல இருந்த ஃபாப்ரீசியஸ்ங்கற உடற்கூறியலாளர் இதை விவரிச்சார். அவர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு, 1621-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதுக்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல, அந்தப் பை எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியல.

1950-களோட தொடக்கத்துல, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல புரூஸ் கிளிக்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். பர்சாவோட வேலை என்னன்னு கண்டுபிடிக்க, குஞ்சுகளோட பர்சாவை அறுத்து எடுத்துட்டு வளர்த்துக்கிட்டிருந்தார். பெருசா எதுவும் தெரியல. கூட இருந்த திமோதி சாங்ங்கற மாணவருக்கு ஒரு வகுப்புக்குக் கோழி தேவைப்பட்டுச்சு. சால்மொனெல்லா கிருமியிலிருந்து எடுத்ததை ஊசி போட்டா கோழி எதிர்ப்பொருள் உண்டாக்கும்னு மாணவர்களுக்குக் காட்டணும். கிளிக்கோட கோழிகளைக் கடன் வாங்கிட்டுப் போனார். செயல்விளக்கம் சொதப்பிடுச்சு. பல கோழிகள் எதிர்ப்பொருளே உண்டாக்கல. எந்தக் கோழின்னு தேடிப் பாத்தா, பர்சா எடுத்த கோழிகள்.

கெட்டுப்போன ஒரு வகுப்புப் பாடத்தைத் தூக்கிப் போடாம, ரெண்டு பேரும் அதையே முறையாத் திரும்பச் செஞ்சாங்க. முடிவு அதேதான். பர்சா இல்லைன்னா எதிர்ப்பொருள் இல்லை. எழுதி 'சயின்ஸ்' இதழுக்கு அனுப்பினாங்க. அங்க ஏத்துக்கல. கடைசியில 1956-ல் 'பவுல்ட்ரி சயின்ஸ்' இதழ்ல, கிளிக், சாங், ஜாப்னு மூணு பேர் பேர்ல, ரெண்டே ரெண்டு பக்கத்துல வந்தது.

கோழி வளர்ப்பு இதழ். ரெண்டு பக்கம். நோயெதிர்ப்பியல் ஆளுங்க அந்த இதழைப் பிரிச்சுக்கூடப் பாக்கமாட்டாங்க. அந்தச் சேதி அவங்க காதுல ஏற சில வருஷம் ஆச்சு. 1961-ல் ஜாக் மில்லர் எலியில தைமஸ் சுரப்பியோட வேலையைக் காட்டினார். 1965-ல் மேக்ஸ் கூப்பர், பீட்டர்சன், ராபர்ட் குட் மூணு பேரும் கோழியில ரெண்டு தனித்தனி ஏற்பாடு இருக்குன்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. தைமஸ்லருந்து ஒண்ணு, பர்சாவுலருந்து ஒண்ணு. தைமஸோட முதல் எழுத்துலருந்து டி செல், பர்சாவோட முதல் எழுத்துலருந்து பி செல். இன்னைக்கு உலகத்துல எந்த ஆஸ்பத்திரியில பி செல்னு எழுதினாலும் அந்த 'பி' கோழியோட பர்சாதான். மில்லருக்கும் கூப்பருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது குடுத்தாங்க.

இதுல ஒரு பாடம் தெரியுது. எல்லைங்கறது தபால்காரருக்கு விலாசம் மாதிரி. கடிதம் யாருக்குப் போய்ச் சேரும்னு சொல்லும். கடிதத்துல இருக்கறது உண்மையா பொய்யான்னு சொல்லாது. ஒரு நல்ல ஆய்வு தப்பான விலாசத்துல போய் விழுந்தா, அதைப் பாக்க வேண்டியவங்க கண்ணுல பட வருஷக்கணக்கா ஆகும்.

இதோட எதிர்ப்பக்கமும் இருக்கு. 2013-ல் ஜான் போஹானன்ங்கற பத்திரிகையாளர் வேணும்னே ஓட்டைகள் நிறைஞ்ச ஒரு பொய்க் கட்டுரையை எழுதி, காசு வாங்கிப் போடற 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏத்துக்கிட்டது. அதுகளுக்கும் 'சர்வதேச'ன்னு பேரு இருந்துச்சு, 'நோக்கமும் எல்லையும்' பக்கம் இருந்துச்சு. வாசல்ல பலகை மாட்டறது சுலபம்.

மாமா அனுப்பின தாள்

இப்ப அந்த ஜெராக்ஸுக்கு வருவோம். ராத்திரி நான் பாத்த வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல இதழ். பேருல இம்யூனாலஜி இருந்தது. தளத்துல எல்லைப் பக்கத்தைத் திறந்தேன். நோயெதிர்ப்பியல், மருந்தியல், வேளாண்மை, வணிகவியல், கட்டடப் பொறியியல்னு போய்க்கிட்டே இருந்தது. எல்லாத்தையும் எல்லைன்னு சொல்ற இதழுக்கு எல்லையே இல்லைன்னு அர்த்தம். அனுப்பின நாலு நாள்ல ஏத்துக்கிட்டதா முதல் பக்கத்துலயே தேதி இருந்தது. ஒழுங்கா ரெண்டு நிபுணர் படிச்சுக் கேள்வி கேட்டுத் திருத்தறதுக்கு நாலு நாள் எப்படிப் போதும்?

அடுத்தது வகை. தலைப்புக்கு மேல சின்ன எழுத்துல 'குறு மீள்பார்வை'. அதாவது, எழுதினவங்க ஒரு கோழியைக்கூடத் தொடலை.

மூணாவது, அவங்க எடுத்துக்காட்டின ஆய்வுகள். பாதிக்கு மேல எலியிலயும் கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுலயும் செஞ்சது. கோழியில செஞ்சது பிராய்லர்ல, ஆறு வாரத்துக்குள்ள முடிஞ்சது. மாமாவோட லேயர் கோழி எழுபது வாரத்துக்கு மேல நிக்கணும். எந்த ஆய்வுலயும் கம்போரோ தடுப்பூசிக்குப் பதிலா இந்த மூலிகையை வெச்சுப் பாக்கல. தடுப்பூசியோட சேத்துக் குடுத்துத்தான் பாத்திருக்காங்க.

நாலாவது, கடைசிப் பக்கத்துல ஒரு வரி. எழுதினவங்கள்ல ஒருத்தர் டானிக் கம்பெனியில வேலை பாக்கறவர். இதைச் சொன்னது நேர்மைதான், அதுக்காக அவங்களைக் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா ஜெராக்ஸ் போட்டவங்க அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுட்டாங்க. நான் தளத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மூலிகையால பிரயோஜனமே இல்லைன்னு நான் சொல்ல வரல. இருக்கலாம். ஆனா இந்தத் தாள் அதைக் காட்டலை. 'தடுப்பூசியை நிறுத்தலாம்'னு இந்தத் தாளே எங்கயும் சொல்லவும் இல்ல. அது, பண்ணை வாசல்ல நின்னு பேசினப்ப வாய்வழியாச் சேர்ந்தது.

மறுநாள் காலையில மாமாவுக்குப் போன் போட்டேன். ஜர்னல், எல்லை, வகைன்னு ஆரம்பிச்சதும், "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, டோஸை நிறுத்தலாமா வேண்டாமா?"ன்னார்.

"வேண்டாங்க மாமா. கம்போரோ வந்தா பர்சா போயிரும். பர்சா போனா அப்புறம் நீங்க லசோட்டா போட்டாலும் கோழி அதை ஒழுங்கா எடுத்துக்காது. டானிக் ஊத்தி எதிர்ப்புச் சக்தி ஏத்தணும்னாகூட அது ஏறறதுக்கு அந்தப் பை வேணுமில்லைங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அவர் அறுத்துப் பாத்த குஞ்சுகள் எத்தனையோ. வீங்கி, ரத்தம் கட்டி, சில சமயம் சுருங்கிப்போன பர்சாவை அவர் கண்ணால பாத்திருக்கார். என்னைவிட அதிகமா.

"அந்தப் பை இதுக்குத்தானா இருக்குது?"ன்னார் கடைசியில.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன். நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கு. நாமக்கல் தனி மாவட்டமா சேலத்துலருந்து பிரிஞ்சதே 1997-லதான், அதுக்கும் முன்னாடியிலிருந்து அந்தக் கல்லூரி இருக்கு. செத்த கோழியைத் தூக்கிட்டுப் போனா அறுத்துப் பாத்துச் சொல்ற ஆளுங்க பக்கத்துலயே இருக்காங்க. அப்படியும், நோயெதிர்ப்பியலோட ஆதாரமான ஒரு சேதி, அதுவும் கோழிகிட்டருந்தே கிடைச்ச சேதி, முப்பது வருஷம் கோழி வளர்த்தவருக்குப் போய்ச் சேரலை. டானிக் விக்கறவரோட ஜெராக்ஸ் மட்டும் வீடு தேடி வந்துடுது.

அடுத்த தடவை யாராவது 'ஜர்னல்ல வந்திருக்கு'ன்னு சொன்னா

அஞ்சு கேள்வி கேளுங்க. இம்யூனாலஜி படிச்சிருக்க வேண்டியதில்ல.

1. எந்த இதழ்? அதோட எல்லைப் பக்கம் ஒரு துறையைச் சொல்லுதா, ஊர்ல இருக்கற எல்லாத் துறையையும் சொல்லுதா?
2. கட்டுரை எந்த வகை? இவங்களே சோதனை செஞ்சாங்களா, மத்தவங்க செஞ்சதைச் சொல்றாங்களா, கருத்து மட்டும் சொல்றாங்களா?
3. யார்கிட்ட செஞ்சாங்க? தட்டுல இருந்த செல்லா, எலியா, உங்க கோழி மாதிரிக் கோழியா, மனுஷனா? எத்தனை, எவ்வளவு நாள்?
4. எதோட ஒப்பிட்டாங்க? மருந்து குடுக்காத குழு இருந்துச்சா?
5. காசு யாரோடது? அதைச் சொல்லியிருக்காங்களா?

இதுல முதல் கேள்விக்கு மட்டும் பதில் பாத்துட்டு நிறுத்திடாதீங்க. அப்படி நிறுத்தினா 1956-ல் வந்த அந்த ரெண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டிருப்போம்.

மாமா ரெண்டாவது டோஸைப் போட்டுட்டார். டானிக் பிரதிநிதிகிட்ட நான் சொல்லிக் குடுத்த மாதிரியே பேசியிருக்கார்: "ஒரு ஷெட்டுக்கு நீங்களே இலவசமாக் குடுங்க, இன்னொரு ஷெட்டுக்கு வேண்டாம். தடுப்பூசி ரெண்டுக்கும் போடறேன். அப்புறம் ரெண்டு ஷெட்டுலயும் ரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பி டைட்டர் பாப்போம். வித்தியாசம் இருந்தா வாங்கிக்கறேன்." கம்பெனியில கேட்டுச் சொல்றேன்னு போனவர்கிட்டருந்து இதை எழுதற வரைக்கும் பதில் இல்ல.

பதில் வந்து, சோதனையும் நடந்தா, முடிவு எப்படி இருந்தாலும் இங்க எழுதறேன். ரெண்டு ஷெட்டை வெச்சுச் செய்யற சோதனையை எந்த நோயெதிர்ப்பியல் இதழும் எடுத்துக்காது, அதுக்கு எல்லையும் பத்தாது, எண்ணிக்கையும் பத்தாது. ஆனா மாமா எடுக்க வேண்டிய முடிவுக்கு, அவருக்கு வந்த ஜெராக்ஸைவிட அது நிச்சயம் உபயோகமா இருக்கும்.